முதலில் விழித்த டிஸ்க்

கடலோர எச்சரிக்கை நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. புயல் வந்தால் சைரனை ஒலிக்கச் செய்வது அதுதான். அதைப் பார்த்துக்கொண்டவள் குழல்வாய்மொழி. அவளிடம் லினக்ஸ் கற்க வந்த சூசைமரியான் அவளைவிட மூத்தவர்.

அன்று சூசை பழைய டிஸ்க்கோடு புது டிஸ்க் ஒன்றையும் மாட்டி, கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினார். அது எழவில்லை. ரூட் டிஸ்க், அதாவது சிஸ்டம் இருக்கும் டிஸ்க், கிடைக்கவில்லை என்று ஒரு வரி திரையில் நின்றது.

மேற்கே வானம் கறுத்தது. சூசையின் தம்பி மிக்கேலின் வள்ளம் கடலில் இருந்தது.

"சிஸ்டம் எந்த டிஸ்க்ல இருக்குன்னு இதுக்கு எப்படிச் சொல்லி வச்சீங்க?" என்று குழல்வாய்மொழி கேட்டாள்.

"முதல் டிஸ்க்குன்னு, டீச்சர்."

"இப்ப முதல்ல விழிச்சது எந்த டிஸ்க்?"

சூசை நெற்றியைத் துடைத்தார். "புதுசு. உள்ளே ஒண்ணுமே இல்லாதது. ரெண்டாவதுன்னு மாத்திடறேன்."

"மாத்துங்க."

கம்ப்யூட்டர் எழுந்தது. சைரனுக்குக் கை போவதற்குள் மின்சாரம் போய் வந்தது. திரையில் மறுபடி அதே வரி. இம்முறை பழைய டிஸ்க் முந்திக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணையும் தொடலையே."

"இந்த வரிசையிலதான் எழுவோம்னு டிஸ்க் ரெண்டும் உங்ககிட்ட சத்தியம் பண்ணிச்சா?"

அவள் ஒரு கட்டளையைத் தட்டினாள். பழைய டிஸ்க்கின் எதிரே எண்களும் எழுத்துகளுமாக நீண்ட வரி ஒன்று வந்தது.

"இது என்ன?"

"அதோட அடையாளம். சிஸ்டம் போட்ட அன்னைக்கே அதுல எழுதினது."

"வேற இடத்துல மாட்டினா?"

"இதேதான்."

"வேற கம்ப்யூட்டர்ல?"

"இதேதான்."

"உலகத்துல இருக்கிற அத்தனை டிஸ்க்லயும் இந்த வரி..."

"இது ஒண்ணுக்குத்தான்."

சூசை அந்த வரியையே பார்த்தார். 'இரண்டாவது' இருந்த இடத்தில் அதை எழுதினார். கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கைக் கண்டுகொண்டது. சைரன் கரை முழுக்க ஒலித்தது.

மழைத் திரைக்குள்ளிருந்து வள்ளங்கள் வரத் தொடங்கின. ஒன்று வந்தது. சூசை அசையவில்லை. இன்னொன்று வந்தது. அப்போதும் நின்றார். பிறகு, கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்பே, ஒரு இன்ஜின் சத்தம் கேட்டு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினார்.

தம்பியின் தோளைப் பிடித்தபடி நனைந்து திரும்பினார்.

குழல்வாய்மொழி கேட்டாள். "தம்பி எத்தனாவதா வந்தார்?"

சூசை யோசித்தார். "எண்ணலையே, டீச்சர்."

"இனிமே அந்தக் கம்ப்யூட்டரும் எண்ணாது."