ஜமீன் வாரிசுக்கு ஒரு பெயர்

மந்தைக்குளம் ஜமீன்தார் ரணவிஜய பூபதிக்கு ஆண் வாரிசு பிறந்தது. சும்மா இருப்பாரா? தம் ஜமீனில் எந்தப் பிள்ளைக்கும் இல்லாத பெயர் வேண்டும், கேட்டதுமே அர்த்தம் விளங்க வேண்டும் என்றார். புலவர்களும் வாய் வலிக்கப் பெயர் சொன்னார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பயல் புழுதியில் புரண்டுகொண்டிருந்தான்.

கூரையில் தொங்கிய பங்கா விசிறியை இழுத்துக்கொண்டிருந்த மொக்கையன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"என்னடா இளிப்பு? நீ சொல்லு பார்ப்போம். அந்தப் பேர் எந்தப் பிள்ளைக்காவது இருந்தா உன் தோலை உரிச்சிடுவேன்" என்றார் ஜமீன்தார்.

"உங்க பேரையே வையுங்க சாமி" என்றான் மொக்கையன். "நல்லது செஞ்ச மகராசன் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது நம்ம சனங்க வழக்கம். உங்க பேரை இதுவரை ஒருத்தரும் வைக்கலை. அதோட அர்த்தம் ஊருக்கே தெரியும்."

"பொய். என் பேர் வைக்காத வீடு இந்த ஊர்ல உண்டா? போய்க் கூப்பிட்டுப் பாருங்கடா."

தண்டோராக்காரன் அரண்மனை வாசலில் நின்று, "ரணவிஜயா, ஏ ரணவிஜயா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார் ஜமீன்தார்.

தெருவில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. தெருவுக்கு ஒன்றாக நாய்கள்தான் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தன.