பெட்டிக்குள் மூன்று வாத்தியம்

"டீச்சர், ஊதுறவங்க மூணு பேரும் இல்லாம நம்ம பாட்டு நிக்குமுங்களா?"

கேட்டவன் மகுடீஸ்வரன். 'பம்ப்செட்' இசைக்குழுவில் கிடார் வாசித்துக்கொண்டு பாடுகிறவன்.

கேட்கப்பட்டவள் கோதைநாயகி. ஊதுகிற மூவரில் ஒருத்தி.

அவள் ட்ராம்போனின் நீண்ட குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இதைக் கேக்கறது யாரு? நீங்களா?"

"சென்னைக்காரர் கேக்கறார்."

"அப்ப அவருக்குப் பதில் சொல்லுங்க."

மகுடி தரையைப் பார்த்தான்.

"நானும்தான் கேக்கறேன்."

"சரி," என்றாள் கோதை.

கோயம்புத்தூரில், ஆவாரம்பாளையத்துப் பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு மோட்டார் பட்டறைதான் அவர்களுக்கு ஒத்திகை இடம். குழுவின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

அவர்கள் வாசித்தது ஃபங்க் ராக். அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டால், "நின்ன இடத்துல கால் நிக்காது, அவ்வளவுதானுங்க" என்பான் மகுடி.

டிரம்ஸ், பேஸ் கிடார், கீபோர்டு, மகுடியின் கிடார். மேடையின் இடது ஓரத்தில் ட்ரம்பெட், சாக்ஸபோன், ட்ராம்போன்.

கல்லூரி கேன்டீன்களில் ஆரம்பித்தவர்கள். இப்போது திறந்தவெளி மேடைகளுக்கு வந்திருந்தார்கள். மேடை ஏறியதுமே கூட்டம் 'தண்ணி லாரி' பாட்டைக் கேட்டுக் கத்தியது.

கோதை காலையில் ஒரு பள்ளியில் பேண்டு சொல்லிக்கொடுப்பாள். அதனால் குழுவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். மகுடியைவிட ஒரு வயது சின்னவள்.

புதிதாகப் பாட்டு எழுதினால் மகுடி அவளிடம்தான் முதலில் பாடிக்காட்டுவான். அவள் ஒரு வார்த்தை சொல்வாள். சில நேரம் அதுவும் சொல்ல மாட்டாள்.

ஒருமுறை பாட்டு நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவன் இன்னும் பாடிக்கொண்டிருந்தான். அன்றே அந்தப் பாட்டில் பாதியை வெட்டினான்.

சென்னைக்காரர் ஒரு இசை நிறுவனத்துக்கு ஆள் தேடுகிறவர். கைபேசியில் அவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு அழைத்திருந்தார்.

"பாட்டு பிரமாதம் சார். ஆனா ஊர் ஊரா கச்சேரிக்கு ஏழு பேரை எப்படிக் கூட்டிட்டுப் போறது? மேடையில நிக்கவே இடம் இருக்காது. அந்த ஊதல் எல்லாம் கீபோர்டுலயே வந்துடுமே. நாலு பேரா வாங்க. நான் நேர்ல வந்து பாக்கறேன்."

இதைத்தான் மகுடி கோதையிடம் சொன்னான்.

"கீபோர்டுல கடையில விக்கற சத்தத்தைப் போட்டா நல்லா இருக்காது," என்றாள் கோதை. "எங்க சத்தத்தையே எடுத்துப் போட்டுக்கங்க."

"நீங்களே ஊதித் தருவீங்களா?"

"பாட்டுக்கு அதானே நல்லது?"

மற்ற இருவரிடமும் அவளே போய்ச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

சாக்ஸபோன் வாசிக்கும் இன்பராஜ் தன் வாத்தியப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

ட்ரம்பெட் வாசிக்கும் சாலமோன் நாற்பதைத் தாண்டியவர். கல்யாண பேண்டு வாசிக்கிற குடும்பம். அவர் சிரித்தார்.

"ஏன் டீச்சர், நம்ம பாடையை நம்மளே கட்டறமா?"

"கட்டறதுதான் கட்டறோம், நல்லா கட்டுவோங்ணா."

ஒரு பகல் முழுக்க மூன்று பேரும் ஒவ்வொரு சுரமாக ஊதினார்கள். மகுடி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"ஒவ்வொரு தடவையும் ஊதறதுக்கு முன்னால புஸ்ஸுனு ஒண்ணு வருதுங்க."

"அது நாங்க மூச்சு இழுக்கறது."

"எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க."

எடுத்துவிட்டான். சத்தம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

சாலமோன் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். மகுடியின் தோளைத் தட்டினார். அதன்பிறகு ஒத்திகைக்கு அவர் வரவில்லை.

ஒரு பொறியியல் கல்லூரி ஆண்டுவிழா. சென்னைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையின் இடது ஓரம் காலியாக இருந்தது.

கோதை கூட்டத்தோடு கூட்டமாக, ஐஸ்க்ரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது அதைவிட நன்றாகப் போனது. கீபோர்டில் விரல் பட்டதும் மூன்று வாத்தியமும் ஒன்றாகப் பாய்ந்தன. ஒரு பிசிறு இல்லை.

மூன்றாவது, 'தண்ணி லாரி'.

அந்தப் பாட்டில் மகுடி ஒரு வரி பாடுவான். ஊதல் பதில் சொல்லும். மறுபடி ஒரு வரி. மறுபடி பதில்.

முதல் சரணத்திலேயே அவனுக்கு ஏதோ இடித்தது. பதில் அவன் வரியின் வாலை மிதித்துக்கொண்டு வந்தது. பதில் முடிந்ததா என்று பார்ப்பதற்குள் அடுத்த வரியின் இடம் வந்துவிட்டது.

இரண்டாவது சரணத்தில் வார்த்தைகளின் கடைசி எழுத்துகளை விழுங்கினான்.

மூன்றாவது சரணத்தில் நெஞ்சு அடைத்தது. வாயைத் திறந்தான். காற்றே இல்லை.

மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான்.

கூட்டம் மிச்சப் பாட்டை முழுக்கப் பாடியது. ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

சென்னைக்காரர் மேடைக்குப் பின்னால் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"அந்த மைக்கை நீட்டினீங்க பாருங்க, அங்கதான் சார் நிக்கறீங்க! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன். நாலு பேருக்கும் ஒப்பந்தம் போட்டுடலாம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவர் போனபிறகு மகுடி ஐஸ்க்ரீம் வண்டியைத் தேடிப் போனான்.

"மூச்சு முட்டிருச்சுங்க."

"பார்த்தேன்."

"அதே பாட்டு. அதே வேகம். எத்தனையோ மேடையில பாடியிருக்கேன். ஒருநாளும் முட்டினதில்லை."

"அப்பெல்லாம் எந்த இடத்துல மூச்சு இழுத்தீங்க?"

அவன் பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். தெரியவில்லை.

பைக்கில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பாட்டை மெல்லப் பாடிக்கொண்டே போனான். ஹோப் காலேஜ் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றான். பாட்டில் ஊதல் வருகிற இடமும் அப்போதுதான் வந்தது.

அவன் தலை தானாக இடது பக்கம் திரும்பியது.

அங்கே ஒரு மினி பஸ் நின்றிருந்தது.

ஆனால் அவனுக்குத் தெரிந்தது சாலமோனின் தோள்கள். ஊதுவதற்கு முன்னால் அவை மேலே எழும்பும். இன்பராஜின் தோள்கள் எழும்பும், கோதையின் தோள்கள் எழும்பும். ஒவ்வொரு மேடையிலும் அவன் அதைப் பார்த்தபடி தானும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சிக்னல் பச்சை ஆனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

மறுநாள் காலை கோதையின் பள்ளிக்கூட வாசலில் நின்றான்.

"திரும்பி வந்துடுங்க டீச்சர்."

"நான் எங்கயும் போகலையே."

"இன்பராஜ்?"

"கூப்பிட்டா வருவாரு. வந்து ரெண்டு நாள் பேச மாட்டாரு."

"சாலமோன் அண்ணன்?"

"அதை அவருகிட்டத்தான் கேக்கணும்."

சாலமோன் வீட்டில் காபி கொடுத்தார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கோபமே இல்லாத வீடு மாதிரி இருந்தது. அதுதான் மகுடியைப் பயமுறுத்தியது.

"தப்புப் பண்ணிட்டனுங்ணா. வந்துடுங்க."

"எதுக்கு தம்பி? என்னோட ஊதல்தான் உங்க பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குதே. அதை வெச்சே வாசிங்க. அது கோவிச்சுக்காது. நேரத்துக்குச் சோறு கேக்காது."

"நீங்க இல்லாம முடியலீங்ணா."

"ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சியில ஒரு மாப்பிள்ளை அழைப்பு. எனக்கு வேலை இருக்குது."

அவர் எழுந்து உள்ளே போனார்.

மகுடி மறுபடி கோதையிடம் வந்தான். அவள் மதியச் சாப்பாட்டைப் பிரித்து வைத்திருந்தாள்.

"அண்ணன் வரமாட்டேங்கறாரு. நான் இப்ப என்ன பண்ணட்டுமுங்க?"

"கல்யாணத்துக்குப் போங்க."

"எனக்குப் பத்திரிகை வெக்கலையே!"

"எனக்கும்தான் வெக்கல. நான் அண்ணன் பேண்டுல ட்ராம்போன் வாசிக்கப் போறேன்."

"நான் போய் என்ன பண்றது?"

அவள் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தயிர் சாதம். சாப்பிடுங்க."

ஞாயிறு மாலை பொள்ளாச்சியில் பிள்ளையார் கோயில் வாசலில் பேண்டு வரிசையாக நின்றது. எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம்.

சாலமோன் மகுடியைப் பார்த்தார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

"தம்பி, ஜால்ரா அடிக்கறவனுக்கு மஞ்சக்காமாலை. நீங்க அடிப்பீங்களா?"

பேண்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகுடிக்குக் காது சிவந்தது.

"அடிக்கறனுங்ணா."

கோட்டைக் கொடுத்தார்கள். தொளதொளவென்று இருந்தது. பித்தளைத் தட்டு இரண்டையும் கையில் கொடுத்தார்கள். அவன் நினைத்ததைவிடக் கனம்.

"கடைசி வரிசை," என்றார் சாலமோன். "என் முதுகைப் பார்த்துட்டு வாங்க. வேற எதையும் பார்க்காதீங்க."

ஊர்வலம் கிளம்பியது. முதல் அடியை அவன் முந்தி அடித்தான். இரண்டாவது பிந்தியது. பக்கத்தில் பெரிய டிரம் அடிக்கிறவர் முறைத்தார்.

பஸ் நிலையத்துப் பக்கம் சில கல்லூரிப் பையன்கள் நின்றிருந்தார்கள்.

"டேய், அது பம்ப்செட் மகுடி இல்ல?"

"அவர் எதுக்குடா ஜால்ரா அடிக்கறாரு?"

"ஒரே மாதிரி இருப்பாங்கடா யாராவது."

மகுடி திரும்பவில்லை. சாலமோனின் முதுகில் சிவப்புத் துணி விரிவதையும் சுருங்குவதையும் பார்த்துக்கொண்டே நடந்தான். எப்போது என்று தெரியாது, தட்டுகள் சரியான இடத்தில் விழ ஆரம்பித்தன. டிரம்காரர் முறைப்பதை நிறுத்தினார். மாப்பிள்ளையின் மாமன்கள் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். ஒரு அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆடினாள்.

மார்க்கெட் முனையில் பட்டாசு வைத்தார்கள். ஊர்வலம் நின்றது. பேண்டும் ஓய்ந்தது.

சாலமோன் ட்ரம்பெட்டைக் கவிழ்த்து எச்சிலைச் சொட்ட விட்டார். பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"நாளைக்கு ஒத்திகை எத்தனை மணிக்கு?"

"எப்பவும் போல ஏழு மணிக்குங்ணா."

"ஏழரை ஆகும் எனக்கு."

"சரிங்ணா."

பட்டாசுப் புகை கலைந்துகொண்டிருந்தது. மகுடியின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. கோட்டுத் துணி வழியாகவே வெளிச்சம் தெரிந்தது.

கோதை அதைப் பார்த்தாள்.

"சென்னையா இருக்கும்."

"இருக்குமுங்க."

அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுக்கலையா?"

மகுடி தட்டுகள் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தான்.

"கை காலியில்லீங்க, டீச்சர்."