நேர்வாசல் கேட்ட மரைக்காயர்

கடலோர ஊர் ஒன்றில் சதக்கு மரைக்காயர் என்று ஒரு கப்பல்காரர் இருந்தார். தாராளமான கை, பிடிவாதமோ அதைவிடத் தாராளம். அவருடைய குரு யூசுப் ஹஸ்ரத் வயதில் சீடருக்கு இளையவர். அதனால் சீடரை, அண்ணனை அழைப்பதுபோல, ‘காக்கா’ என்றுதான் அழைப்பார்.

மரைக்காயர் தம் செலவில் ஒரு பள்ளிவாசல் கட்டத் தொடங்கியிருந்தார். தெருவில் நின்று பார்த்தாலே தொழும் இடம் நேராகத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் தெரு ஒரு பக்கம் போக, தொழுகைக்கு நோக்க வேண்டிய மக்காவின் திசை வேறு பக்கம் இருந்தது. வாசலை நேராக்க வேண்டுமானால் மூலையிலிருந்த ஹாஜரா உம்மாவின் வீட்டை இடித்தாக வேண்டும். கயிறு திரித்துப் பிழைக்கும் அந்த அம்மாள், வேறு இடத்தில் பெரிய வீடாகக் கட்டித் தருகிறேன் என்று மரைக்காயர் சொல்லியும் அசைந்து கொடுக்கவில்லை.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஹஸ்ரத். அந்த உம்மா மறுபேச்சுப் பேசாது. சொல்லுவீங்களா?”

“இஸ்பஹானுக்குச் சரக்கு கொண்டு போறீங்கல்ல? நானும் வாறேன். அங்க வச்சுச் சொல்றேன்.”

பாரசீகத்தின் அந்த நகரத்தில் கால் வைத்ததும் மரைக்காயர் வாயைப் பிளந்தார். அன்று முழுக்க அதை மூடவில்லை. கடைத்தெருவுக்கே செங்கல்லில் கூரை போட்டிருந்தார்கள். கூரைத் துளைகளின் வழியே வெயில் இறங்கி, குங்குமப்பூக் குவியல்மேல் விழுந்தது. செம்பு தட்டுகிறவர்களின் ஓசையில் பக்கத்து ஆள் பேச்சு கேட்கவில்லை.

“என்ன ஊர் ஹஸ்ரத் இது! நம்ம கண்ணே பட்டுடும்போல இருக்கு.”

சாப்பாட்டுக் கடையில் பிரியான் இருக்கிறது என்றார்கள். நம்மூர் பிரியாணிதான் என்று நினைத்து மரைக்காயர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். வந்ததோ ரொட்டி. அதன்மேல் கொத்தி வாட்டிய ஆட்டுக்கறி, கொஞ்சம் பட்டைத்தூள்.

“சோறு எங்க ஹஸ்ரத்?”

“முதல்ல ஒரு வாய் வைங்க காக்கா.”

ஒரு வாய் வைத்தார். அப்புறம் சோற்றைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிற்பகலில், அசர் தொழுகைக்கு முன் பெரிய சதுக்கத்துக்கு வந்தார்கள். கிழக்குப் புறத்தில் மினாராக் கோபுரம் இல்லாத சிறு பள்ளிவாசல் ஒன்று இருந்தது. நீலமும் மஞ்சளுமாக ஓடு பதித்த வாசல். உள்ளே நுழைந்தால் தொழும் இடத்தைக் காணோம். ஓர் இருட்டுப் பாதைதான் இருந்தது. அது இடப்பக்கம் வளைந்து, பிறகு வலப்பக்கம் திரும்பியது. மரைக்காயர் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார்.

பாதை முடிந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே பொன்னிறக் குவிமாடம். சன்னல்களின் வழியே வந்த வெளிச்சம் அதில் தோகைபோல விரிந்து கிடந்தது. “யா அல்லாஹ்” என்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் மறந்துபோனார்.

தொழுதுவிட்டு வெளியே வந்ததும் ஹஸ்ரத் கேட்டார்.

“இங்கயும் நேர்வாசல் இல்லையே காக்கா. குறையாத் தெரியலையா?”

“குறையா? இருட்டுல வளைஞ்சு வளைஞ்சு போனதாலதான் அந்த வெளிச்சம் என்னை அழ வச்சுது. நேராப் போயிருந்தா பாதி அழகு வாசல்லயே தீர்ந்துபோயிருக்கும்.”

“பாதையை ஏன் வளைச்சாங்க?”

கப்பல்காரருக்குத் திசை சொல்லித்தரவா வேண்டும்? சூரியனை ஒரு தடவை பார்த்தார்.

“சதுக்கம் ஒரு பக்கம் பார்க்குது, மக்கா ஒரு பக்கம் இருக்கு. அதான் கட்டினவன் உள்ளுக்குள்ளயே பாதையைத் திருப்பிட்டான். கெட்டிக்காரன்!”

“சதுக்கத்தை இடிச்சு நேராக்கியிருக்கலாமே?”

மரைக்காயர் வாய்விட்டுச் சிரித்தார்.

“நல்லாச் சொன்னீங்க! அது அரசரோட சதுக்கம் ஹஸ்ரத். அதுல கை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?”

ஹஸ்ரத் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“மெய்தான் காக்கா. ஹாஜரா உம்மா அரசர் இல்லையே.”