கறுப்பு ஆடு ஏன் வெள்ளைக்குட்டி போடுகிறது

அந்தக் காலத்தில் ஆடுகள் பேசின, மண்ணும் பேசியது. ஒவ்வோர் ஆட்டின் உடம்புக்குள்ளும் ஒரே ஒரு நிறமணி இருந்தது. குட்டிக்கு நிறம் கொடுப்பது தகப்பன் மட்டும்தான். தாய் சுமக்கலாம், பெறலாம், பால் கொடுக்கலாம். நிறத்தில் மட்டும் அவளுக்குப் பங்கு கிடையாது. என்ன நியாயமோ!

கரிசல் காட்டு ஆடுகள் எல்லாம் கறுப்பு. சுண்ணாம்புக் குன்று ஆடுகள் எல்லாம் வெள்ளை. குன்றில் புல் அற்றுப்போனபோது அங்கிருந்து சில கிடாக்கள் கரிசலுக்கு இறங்கி வந்தன. அதில் ஒருவன் வெள்ளையன். கரிச்சி என்ற கறுப்பு ஆடு அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

சினையான நாளிலிருந்து கரிச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே ஒரு வாய் கடிப்பாள், இங்கே ஒரு வாய் கடிப்பாள், எதையும் முழுசாகத் தின்னமாட்டாள். கறுப்பு மண்ணில் வெள்ளைக்குட்டி நின்றால் ஓநாய்க்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுமே!

“இங்கேருங்க, பிள்ளைக்கு என் கறுப்பு வரட்டும்” என்றாள்.

“அப்போ என் வெள்ளை என்னோட போயிரணுமா? நான் செத்தா, நான் இருந்ததுக்கு என்ன சாட்சி?” என்றான் வெள்ளையன். அவன் கேட்டதும் தப்பில்லை.

சண்டை போட்டபடியே இருவரும் புற்றடிக்குப் போனார்கள். அங்கேதான் மண்ணாத்தா பேசுவாள். இருவர் வழக்கையும் கேட்டாள்.

“இனிமே பிறக்கிற குட்டிக்கெல்லாம் ரெண்டு நிறமணி. தாய்கிட்ட இருந்து ஒண்ணு, தகப்பன்கிட்ட இருந்து ஒண்ணு. கறுப்பு வாசல்ல நிக்கட்டும், வெள்ளை உள்வீட்டுல இருக்கட்டும். பாக்கிறவங்க கண்ணுக்குக் கறுப்புதான் தெரியும். சம்மதம்னா குளம்பால ஒரு தட்டு தட்டு. ஆனா அதுக்கு முன்னால ஒரு விசயம்...”

கரிச்சி நின்று கேட்டால்தானே! படாரென்று ஒரு தட்டு தட்டிவிட்டுத் துள்ளி ஓடினாள். அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். இவளுக்குக் காதே கேட்கவில்லை.

குட்டி கறுப்பாகப் பிறந்தது. காரி என்று பெயர் வைத்தார்கள். ஓநாயின் கண்ணுக்குத் தப்பி அவன் வளர்ந்தான். வெள்ளையன்தான் தப்பவில்லை, ஒரு கோடையில் ஓநாய் அவனைக் கொண்டுபோய்விட்டது. இனி அவனுடைய வெள்ளையை எங்கே பார்ப்போம் என்று கரிச்சி அழுது தீர்த்தாள்.

காரிக்குப் பூலாத்தியைக் கட்டிவைத்தார்கள். அவளுடைய தாய் கரிசல் ஆடு, தகப்பன் குன்றுக் கிடா. மண்ணாத்தா சொன்னதற்குப் பிறகு பிறந்தவள் என்பதால் அவளும் காரியைப் போலக் கறுப்புதான். அவள் இரட்டைக் குட்டி போட்டாள். ஒன்று கறுப்பு. மற்றது பால் வெள்ளை.

மந்தை கூடிவிட்டது. எல்லாரையும் முந்திக்கொண்டு பேசியவள் கரிச்சி.

“என் பிள்ளையும் கறுப்பு, நீயும் கறுப்பு. இது யாரு குட்டிடி?”

“சத்தியமா உங்க பிள்ளையோடதுதான் அத்தை.”

“கறுப்பை இங்க விட்டுட்டு, அதைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போ!”

காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்லைக் கடித்தான். வீரன்தான்! பூலாத்தி வெள்ளைக்குட்டியை நக்கி எழுப்பி, மேட்டுப் பக்கம் நடந்தாள்.

விரட்டிவிட்டாளே தவிர, கரிச்சிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. வாயில் வைத்த இலை இறங்கவில்லை. புற்றடிக்கு ஓடினாள்.

“அன்னைக்கு நான் சொல்ல வந்ததை நின்னு கேட்டியா நீ?” என்றாள் மண்ணாத்தா. “உன் மகன்கிட்ட ரெண்டு மணி இருக்கு. குட்டிக்கு அதுல ஒண்ணைத்தான் குடுப்பான். எதுன்னு அவனுக்கே தெரியாது. உன் மருமகளும் அப்படித்தான். ரெண்டு பக்கமிருந்தும் வெள்ளையே வந்துட்டா, வாசல்ல நிக்கக் கறுப்பு ஏது? அதுல ஒண்ணு உன் புருசன் வெள்ளைதாண்டி. இத்தனை நாளும் உன் மகனுக்குள்ளதான் இருந்திருக்கு.”

சந்தோஷமா பயமா என்று கரிச்சிக்கே தெரியவில்லை. மேட்டைப் பார்த்து ஓடினாள்.

ஓநாய் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. குட்டியைக் காலிடுக்கில் மறைத்துக்கொண்டு, கொம்பைத் தாழ்த்தி நின்றாள் பூலாத்தி. கரிச்சி பாய்ந்துபோய்க் குட்டியின் மறுபக்கம் ஒட்டி நின்றாள்.

“வாங்க எல்லாரும்! இது நம்ம குட்டி!” என்று கத்தினாள்.

மந்தையே ஓடிவந்து சுற்றிலும் நெருக்கி நின்றது. ஓநாய்க்குக் கறுப்பு முதுகும் கொம்பும்தான் தெரிந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

“தப்பு பண்ணிட்டேன் தாயி” என்றாள் கரிச்சி. பூலாத்தி முகத்தைத் திருப்பிக் குட்டியை நக்கினாள். குட்டி மட்டும் ஒன்றும் அறியாமல் கரிச்சியின் மடியை முட்டிப் பால் தேடியது.

அன்று முதல்தான், கறுப்பு ஆட்டுக்கு வெள்ளைக்குட்டி பிறந்தால் மந்தை அதைச் சுற்றி நெருக்கிப் படுத்து நடுவில் வைத்துக்கொள்கிறது. இது யார் குட்டி என்று எந்த ஆடும் தாயைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மனிதர்கள் மட்டும்தான்.