அவுரித் தண்ணீரில் இரண்டு பற்கள்

"ஆ ஊ ஆ?" என்றார் அரசர் செங்கோடவர்மர், திறந்த வாயை மூடாமலே.

"எப்போது மூடலாம் என்று கேட்கிறார்," என்றான் திருமேனி. அவன் சபையின் விகடன். அரசர் வாயிலிருந்து வருவதைச் சபைக்கு விளக்குவதுதான் அன்றைக்கு அவன் வேலை.

"இப்போது இல்லை," என்றாள் அரண்மனை வைத்தியர் வடுகநாச்சி.

அரசரின் கடைவாய்ப் பல் பள்ளங்களில் சோறு தங்கிச் சொத்தையாகிவிடாமல் இருக்க அவள் பிசின் வார்த்திருந்தாள். வெயில் பட்டால் இறுகும் பிசின். ஆனால் அவள் நேர் வெயிலை விடவில்லை. மெல்லிய துணியை மறைவாகப் பிடித்திருந்தாள். முதலில் மங்கிய வெளிச்சம், பிறகுதான் வெயில்.

அமைச்சர் பிரமாதிராயருக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, என் குழியாடியால் வெயிலைக் குவித்தால் கண் இமைப்பதற்குள் இறுகிவிடும். காலையில் என் பல்லுக்கே செய்துகொண்டேன். இந்த அம்மாள் ராஜாவை ஈ பிடிக்க வைக்கிறாள்."

அரசர் வாயை மூடிவிட்டார். பிசின் நாக்கில் ஒட்டியது. துப்பினார்.

"சட்டென்று இறுகினால் பிசின் சுருங்கிப் பல்லை விட்டு விலகும், மகாராஜா," என்றாள் வடுகநாச்சி. "மெதுவாக இறுகினால்தான் பல்லோடு படிந்து ஒட்ட அதற்கு அவகாசம் கிடைக்கும்."

"எங்கே விலகியிருக்கிறது?" அமைச்சர் வாயைத் திறந்து காட்டினார்.

அரசர் எட்டிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியைச் சாயங்காலத்துக்குள் எனக்குக் காட்டு," என்றார் வடுகநாச்சியிடம். "இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ."

வடுகநாச்சி திருமேனியைப் பார்த்தாள். அவள் அவன் மனைவி.

"நான் காட்டுகிறேன், மகாராஜா," என்றான் திருமேனி.

"பெண்டாட்டிக்குப் பரிந்து வருகிறாயோ?" என்றார் அமைச்சர்.

"எனக்குப் பரிந்துதான், ராயரே. பல்வலிக்காரர்கள் அவளுக்கு எந்த ஊரிலும் கிடைப்பார்கள். எனக்கு இன்னொரு ராஜா கிடைப்பது கஷ்டம்."

அன்று மற்போரில் மல்லன் மாசாத்தன் இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்திருந்தான். திருமேனி அவற்றை வாங்கி வந்தான். இரண்டிலும் ஒரே பிசின். ஒன்றை அமைச்சரே தன் குழியாடியால் இறுக வைத்தார். மற்றதை வடுகநாச்சி துணி மறைவில் இறுக வைத்தாள். இரண்டையும் அவுரியின் நீலச் சாயம் கலந்த தண்ணீரில் போட்டார்கள்.

வெயில் சாய்ந்ததும் அரண்மனைத் தட்டான் பற்களை எடுத்துக் கழுவி, சின்ன ரம்பத்தால் நெடுக அறுத்தான். வடுகநாச்சியின் பல் உள்ளே வெள்ளையாக இருந்தது. அமைச்சரின் பல்லில் பிசினுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு நீலக் கோடு பள்ளத்தின் அடிவரை இறங்கியிருந்தது.

அரசர் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"இது உதிர்ந்த பல், மகாராஜா," என்றார் அமைச்சர். "உயிருள்ள வாயில் இப்படி ஆகாது."

"அதுவும் சரிதான்," என்றான் திருமேனி. நீலக் கிண்ணத்தை இரு கைகளாலும் எடுத்து அவரிடம் மரியாதையாக நீட்டினான். "கொப்பளியுங்கள்."

"இன்று எனக்கு விரதம்."

"விழுங்க வேண்டாம், ராயரே. கொப்பளித்தால் போதும். பிறகு அந்தப் பல்லையும் பிடுங்கி அறுத்துப் பார்த்துவிடலாம்."

தட்டான் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் மோதிரத்தைக் கழற்றி வடுகநாச்சியிடம் கொடுத்தார். குழியாடியை மடைப்பள்ளிக்கு அனுப்பி அடுப்புப் பற்றவைக்கச் சொன்னார். சபை முழுவதும் சிரித்தது.

அமைச்சர் வாயை மூடியபடியே நாக்கால் தன் கடைவாயைத் தடவிப் பார்த்தார்.