குப்பாண்டியின் கதவு

மெய்யம்மையிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் வெயிலுவந்தான் தனி ரகம். நாற்பது வயது ஆள், சொந்தமாகச் செக்கு ஓட்டுகிறான், வாய் ஓயவே ஓயாது. அன்றைக்கு வந்தவன் கும்பிட்டுவிட்டு உம்மென்று உட்கார்ந்தான். நாக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயா என்று அம்மை கேட்டாள்.

தங்கச்சி கல்யாணம் நின்று போய்விட்டதாம். எதிர்வீட்டு மணியக்காரர் மகன்தான் மாப்பிள்ளை. வெற்றிலை பாக்கு மாற்றியும் ஆகிவிட்டது. இப்போது என்னடாவென்றால், குப்பாண்டி வீட்டில் பெண் எடுத்தால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

"யாருப்பா அந்தக் குப்பாண்டி?"

அம்மை வெளியூர்க்காரி, பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த ஊரில் ஒருத்தன் அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தால் போதும், 'குப்பாண்டி வேலை பாக்காதே' என்பார்கள். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த வசவு. ஆனால் அது ஒரு ஆளின் பெயர். வெயிலுவந்தானின் பாட்டனுக்குப் பாட்டன்.

கதையை அவனே சொன்னான். மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துக் கிடந்தால் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் ஊர்ப் பெண்கள் உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல் தெரு வழியே நடந்து போய், கண்மாய்க்கரை அம்மனிடம் மழை கேட்பார்கள். நடக்கிறவர்கள் தலை நிமிரக் கூடாது. ஆண்கள் அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். குப்பாண்டி மட்டும் கதவில் ஓட்டை போட்டுப் பார்த்தான். பஞ்சாயத்து கூடி அவனை ஊரைவிட்டே விரட்டியது. பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே கிடந்து அந்தப் பேரைச் சுமந்தார்கள்.

"பேரை மாத்திக்கிட்டு வேற ஊர் பாத்துப் போயிரலாமா அம்மா?"

அம்மை முற்றத்துக்கு எதிரே இருந்த விறகுக் கொட்டகையைக் காட்டி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னாள். இது என்ன கூத்து என்று முணுமுணுத்தபடி போய்ச் சாத்திக்கொண்டான். அம்மையும் தன் குடிசைக்குள் போய்க் கதவை அடைத்தாள்.

"இப்ப நான் கதவுக்குப் பின்னால என்ன செய்றேன், சொல்லு."

"அது எப்படிம்மா தெரியும்? இந்தக் கதவுல ஒரு ஓட்டை கீட்டை இருந்தாலாவது..."

பேச்சு பாதியில் நின்றது. பிறகு கொட்டகைக் கதவு படீரென்று திறந்தது.

குப்பாண்டியைக் காட்டிக்கொடுத்தது அன்றைய எதிர்வீட்டு மணியக்காரர். ஓட்டையில் கண் மினுங்கியதை நானே பார்த்தேன் என்று பஞ்சாயத்தில் சாட்சி சொன்னவர். அதற்காகத்தான் அந்த வீட்டுக்கு இன்றைக்கும் கோயிலில் பரிவட்டம் கட்டுகிறார்கள். இத்தனை தலைமுறையாகக் கதை சொன்னவர்களில் ஒருத்தருக்காவது, அந்த மனுஷன் எங்கே இருந்து பார்த்தார் என்று கேட்கத் தோன்றியதா? இல்லை.

வெயிலுவந்தானுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்கே ஊரைக் கூட்டுகிறேன் என்றான். இனிமேல் எட்டிப் பார்க்கிறவனுக்கெல்லாம் மணியக்காரன் என்றுதான் பேர் என்றான். அவர்களே வாசலில் வந்து நின்று பெண்ணைக் கொடு என்று கெஞ்சப் போகிறார்கள், பாருங்கள் என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"வெயிலு, அன்னைக்கு மழை பெஞ்சுதா?"

நின்றான். "அதை யாரும் சொன்னதில்லையேம்மா."

"நடந்து போன பொம்பளைங்க யாரு யாரு?"

"தெரியாது."

"உன் தங்கச்சி பேரு?"

"பவுனுத்தாய்."

"மணியக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட இஷ்டமான்னு பவுனுத்தாயைக் கேட்டியா?"

வெயிலுவந்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திரும்பவும் உட்கார்ந்தான்.