ழகரத்துக்கு விழுந்த பெயர்

கணினிக்கு எழுத்துரு செய்கிற குமுதவல்லியிடம் பாடம் கேட்க நஞ்சப்பன் போனபோது அவருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கோ அவருடைய மகள் வயதுதான். ஆயுசெல்லாம் ஓசூரில் வரலாறு நடத்திய மனுஷன், கொஞ்சமும் கூச்சப்படாமல் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

போனதற்குக் காரணம் புட்டசாமி. நஞ்சப்பனின் உயிர்ச் சிநேகிதர், போன ஆடியில் காலமாகிவிட்டார். காடுமேடெல்லாம் அலைந்து நடுகற்களில் இருந்த பழங்கன்னடத்தைப் படித்துக் கணினியில் ஏற்றியவர். கற்களில் பாதி, சாலை போடுகையில் போயே போய்விட்டன. மிச்சம் அந்தக் கோப்புகள்தான். அவற்றைப் புத்தகமாக்க வேண்டும், அதற்கான எழுத்துருவைத் தானே செய்ய வேண்டும் என்று நஞ்சப்பனுக்குப் பிடிவாதம்.

பாடம் நல்லபடியாகத்தான் போனது, ழகரம் வரும்வரை. பழங்கன்னடத்திலும் நம்மைப் போல ழகரம் உண்டு, பிறகு வழக்கொழிந்துவிட்டது. உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் பொதுவான அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், ஒரு பெயர். கன்னட ழகரத்துக்கு யாரோ 'ஃப' என்று பெயர் வைத்துவிட்டிருந்தார்கள்.

நஞ்சப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ழகரம் எங்கே, ஃப எங்கே? இதைத் திருத்தக்கூடாதா என்று கேட்டார். ஒருமுறை கொடுத்த எண்ணையும் பெயரையும் மாற்றுவதில்லை என்பது அங்கே விதி, சரியான பெயரைப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள் என்றார் குமுதவல்லி. நல்ல நியாயம் போங்கள் என்று பொரிந்து தள்ளினார் நஞ்சப்பன். பொய்ப் பெயருக்குக் கீழே என் சிநேகிதனின் எழுத்து கிடக்கக்கூடாது. நம் எழுத்துருவிலாவது அந்த இடத்தைக் காலி செய்து, ழகரத்தை வேறோர் எண்ணில் அதன் பெயரோடு வையுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

குமுதவல்லி மறுக்கவில்லை, சொன்னபடியே செய்தார். பிறகு புட்டசாமியின் கோப்பு ஒன்றைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"படிங்க ஐயா."

மாடுகளை மீட்கப் போய் மாண்ட ஒருவனின் கல். அந்தக் கல் இப்போது இல்லை. வாசித்துக்கொண்டே வந்த நஞ்சப்பன் செத்தவனின் பெயரில் நின்றுவிட்டார். பெயருக்கு நடுவே வெறும் கட்டம். அவன் ஊர்ப் பெயரிலும் கட்டம்.

"பேரு எங்க டீச்சர்?"

"அவர் பழைய எண்லதான் எழுதியிருக்கார். ழகரம் இப்ப அங்க இல்லையே."

கோப்பையும் புது எண்ணுக்கு மாற்றிவிடலாமே என்றார் நஞ்சப்பன்.

"உங்ககிட்ட இருக்கிறதை மாத்தலாம். மத்தவங்ககிட்ட இருக்கிறது நம்ம எழுத்துருவில கட்டமாத்தான் வரும். அவர் யார் யாருக்கெல்லாம் அனுப்பினாரு?"

கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியவன் புட்டசாமி. கணக்கு வைத்துக்கொள்கிற ஆளா அவன்? நஞ்சப்பன் திரையிலிருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"அதுக்காக, தப்பான பேரைச் சுமந்துக்கிட்டே கிடக்கணுமா?"

குமுதவல்லி ழகரத்தைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். செத்தவனுக்குப் பெயர் திரும்பி வந்தது. பிறகு கோப்பின் கடைசி வரிக்குப் போனார். ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் புட்டசாமி அதை எழுதியிருந்தார்: கல்லைக் கழுவிக் கொடுத்தவன், நஞ்சுண்டன்.

"இது யாருங்க ஐயா?"

"நான்தான். காலேஜ்ல முதல் நாள் வேற எவனோன்னு நினைச்சு அப்படிக் கூப்பிட்டான். எத்தனையோ தரம் திருத்திப் பார்த்தேன், கேட்டாத்தானே. அப்புறம் அவன் கூப்பிட்டா திரும்பிடுவேன்."

இனி அப்படிக் கூப்பிட ஆளில்லை.

குமுதவல்லி மவுஸை அந்தப் பெயரின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுவும் தப்பான பேருதானே. திருத்திடட்டுமா?"

நஞ்சப்பன் மவுஸை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.